பேசுற பட்டன்

இலக்கியாவுக்குக் கோபம் வந்த அன்றைக்கு அறந்தாங்கி டீக்கடைகளில் அடுப்புப் பற்றவைக்காமலே பால் பொங்கியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவளுடைய நாத்தனார் பரிமளா நம்புவாள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். இலக்கியா விட்ட மூச்சின் சூட்டில் வெங்காயம் கையிலேயே வதங்கிப்போனது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

காரணம், சென்னையிலிருந்து வாட்ஸப்பில் வந்த ஒரு வீடியோ. கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் முடிந்துவிடும், அவ்வளவுதான் நீளம். ஒரு ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். முகத்தை மூடிய கூந்தல், தரையைக் கீறும் நகம், வாய்க்குள் அடங்காத பல். எதிரே ஒருவன் ஓடி வருகிறான். அவன் மீசையில் இரண்டு பேர் ஊஞ்சல் கட்டி ஆடலாம். கையில் அரிவாள், முதுகில் துப்பாக்கி. ‘வாரேன்டா’ என்று கத்திக்கொண்டு பாய்கிறான், ஒரே வெட்டு. தலை உருண்டு வந்து பார்ப்பவர் மடியில் விழுவதுபோல நிற்கிறது. அதன்மேல் ரத்தம் சொட்டச் சொட்ட எழுத்து: வாரேன் – ரத்த வேட்டை.

வெட்டுப்பட்டவள் பெயர் வாசக்காரி. அவள் ஒரு பேய். அந்தப் பேயைப் பெற்றவள் இலக்கியா.

“பொம்பளையப் பாத்து ‘டா’வாம்” என்றாள் பரிமளா, நிலைமையைக் கொஞ்சம் இலேசாக்கலாம் என்று நினைத்து. இலக்கியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பரிமளா மிச்ச வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்தப் பேய் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். இலக்கியாவின் புருஷன் சிவபிரகாஷ் தோஹாவில் ஏசி மெக்கானிக். நல்ல மனுஷன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், போனை வைக்கும்போது ‘சரி, போறேன்’ என்று சொல்லிவிட்டான். டூட்டிக்கு வண்டி வந்துவிட்ட அவசரம். ஆனால் நம் பக்கத்தில் வாசலைத் தாண்டுகிற எவனும் போறேன் என்று சொல்ல மாட்டான். வாரேன் என்பான். போகிறவன் போகும்போதே வருவதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பெண்டாட்டியைப் பிடிக்காமல் இமயமலைக்குச் சாமியாராகக் கிளம்புகிறவன்கூட ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான். அப்படி இருக்கையில் கடல் கடந்து இருக்கிறவன் போறேன் என்றால் என்ன அர்த்தம்? இலக்கியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கும்போது ஒரு விளையாட்டையே கட்டி முடித்திருந்தாள்.

மேஜை விளையாட்டு என்று பெயர், ஆடியதெல்லாம் கோரைப்பாயில். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து நடப்பார்கள். நான் கதவைத் தட்டுகிறேன் என்பாள் ஒருத்தி. நான் கிணற்றை எட்டிப் பார்க்கிறேன் என்பாள் இன்னொருத்தி. கதவு திறக்குமா, கிணற்றில் யார் என்பதற்குத் தாயக்கட்டை உருட்டுவார்கள். கதை நடக்கிற ஊருக்கு ஏழுவாசல் என்று பெயர். காணாமல்போன ஒருவரைத் தேடிக்கொண்டு ஆடுகிறவர்கள் அங்கே போகிறார்கள். ஏழு வீட்டிலும் ஏழு பேர் உதவுகிறார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுப்பாள், ஒருத்தி விளக்கு கொடுப்பாள், ஒருத்தி சாவி. வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் நின்று இரண்டில் ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு.

போறேன் என்றால் அந்த வீடு அத்தோடு சரி. விளக்கு அணையும், உள்ளே இருந்தவளை மறுபடி உயிரோடு பார்க்க முடியாது. வாரேன் என்றால் உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டை விழும். கதை முடிவதற்குள் திரும்பி வந்து அந்தக் கொட்டையைக் கொடுத்தாக வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டுக்காரி வாசக்காரி ஆகிவிடுவாள். போகிற இடமெல்லாம் முன்னால் போய், வாசலில் நிற்பாள். கடிக்க மாட்டாள், கீற மாட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

“வாரேன்னியே?”

அந்தக் கேள்வியை விளையாட்டுக்குக் கொடுத்தது பிச்சையம்மாள். ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுத்துக் குரல் தேய்ந்தவள், இப்போது மகளோடு இலக்கியாவின் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அவள் புருஷன் படகேறிப் போனவன் திரும்பவில்லை. கூடப் போனவர்களும் இல்லை. அதைப் பற்றி அவள் பேசுவதே கிடையாது. முதல் ஆட்டத்தில், வாசக்காரி என்ன சொல்லிப் பயமுறுத்த வேண்டும் என்று இலக்கியா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பிச்சையம்மாள் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: வாரேன்னியே? பரிமளா பாயைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனவள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து காலைப் பிடித்து இழுக்கும்வரை வெளியே வரவில்லை. அந்த வீட்டில் எல்லா ஆட்டமும் உச்சி வெயிலில்தான். பேய் உலாவுகிற நேரமும் அது, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமும் அது.

விளையாட்டைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். கோயம்புத்தூரில் வாங்கினார்கள், பெங்களூரில் வாங்கினார்கள், சிங்கப்பூரில் ஒரு குடும்பம் ஆடிவிட்டு வாசக்கதவையே கழற்றி வைத்துவிட்டார்களாம். அப்புறம்தான் சென்னையிலிருந்து கருநாகம் கேம்ஸ் என்ற கம்பெனி வந்தது. டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோலுக்கு இதை ஆக்‌ஷன் விளையாட்டாக மாற்றப் போவதாகச் சொன்னார்கள். ஆக்‌ஷன் என்றால் ஓட்டம் நடை என்று இலக்கியா நினைத்துக்கொண்டாள். ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினாள். முடிந்த விளையாட்டைப் பார்த்து அவள் வாயால் சரி என்று சொன்னால்தான் ‘வாரேன்’ என்ற பெயரையும் வாசக்காரியையும் கடைக்கு அனுப்பலாம்.

வீடியோவைப் பார்த்த கையோடு கம்பெனிக்குப் போன் போட்டு அவள் பேசிய பேச்சில், அந்தப் பக்கம் போனை எடுத்தவருக்குக் காதிலிருந்த ஈரமெல்லாம் காய்ந்துவிட்டது. ஒருவரை நேரில் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தார்கள்.

வந்தவன் பிரவீன்குமார். விளையாட்டை மாற்றியமைத்த குழுவுக்கு அவன்தான் தலைவன். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, முதுகில் கன்சோல் பையோடு வியர்த்து விறுவிறுத்து மாடிப்படி ஏறினான். இப்படி ஒரு பையனைத் திட்ட வேண்டியிருக்கிறதே என்று இலக்கியாவுக்கு எரிச்சலாக வந்தது. மீசை வைத்த முரடனாக வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். பரிமளா சுண்டல் கொடுத்தாள். பிச்சையம்மாள் ஊரை விசாரித்தாள்.

“ஆலங்குடிங்க ஆத்தா.”

“அம்மா அங்கிட்டுதான் இருக்காகளா?”

ஆமாம் என்றான். பஸ் ஆலங்குடி வழியாகத்தான் வந்தது, நேரமாகிவிடும் என்று இறங்கவில்லை, அம்மாவுக்குப் போனில் வாரேன் என்று சொல்லியிருக்கிறேன் என்றான். பிச்சையம்மாள் இலக்கியாவைப் பார்த்தாள். இலக்கியா கூரையைப் பார்த்தாள்.

டிவியில் மாட்டினான். விளையாட்டு தொடங்கியது. படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இலக்கியாவை இன்னும் கொதிக்க வைத்தது. ஏழுவாசல் அவள் மனதில் இருந்த மாதிரியே இருந்தது. அதே புளியமரம், அதே காரை பெயர்ந்த சுவர். அந்தச் சுவரில் அந்த மீசைக்காரன் காலை வைத்து ஏறிக் குதித்தான். முதல் வீட்டுக்குள் போனான். ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வாசலுக்கு வந்தவன், பின்னணி இசை அதிர, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

“நான் போறேன்.”

பரிமளாவின் கையிலிருந்த சுண்டல் தட்டு கீழே விழுந்தது.

இரண்டாவது வீடு, விளக்கு. நான் போறேன். மூன்றாவது வீடு, சாவி. நான் போறேன். சுண்டல் பொறுக்கி முடிப்பதற்குள் அந்தப் படுபாவி ஊரையே காலி செய்துவிட்டான். இலக்கியாவின் சட்டப்படி அங்கே ஒரு குஞ்சு குளுவான் மிச்சமில்லை. அதற்கப்புறம் வாசக்காரி வந்தாள். மீசைக்காரன் ‘வாரேன்டா’ என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். பிரவீன்குமார் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தட்டத் தட்ட, கை விழுந்தது, கால் விழுந்தது, தலை விழுந்தது. மேலே எண்கள் பறந்தன. அடுத்த வாசலில் இன்னொருத்தி. அவளையும் வெட்டினான்.

“என்ட்ட குடு” என்று பிச்சையம்மாள் கையை நீட்டினாள்.

கன்ட்ரோலரை நண்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துப் பிடித்தாள். மீசைக்காரன் வாசல் முன்னால் போய் நின்றான். அவள் ஒன்றையும் அமுக்கவில்லை. வாசக்காரி அவன் குரல்வளையைக் கடித்துத் துப்பினாள். மறுபடி எழுந்து நின்றான். மறுபடியும் அவள் ஒன்றையும் அமுக்கவில்லை. மறுபடியும் கடி. இப்படி அவன் செத்துச் செத்து எழுந்ததில் டிவிக்கே தலை சுற்றியிருக்கும். பிரவீன்குமார் தவித்துப்போய், சதுரத்தை அமுக்குங்க ஆத்தா, சதுரம் வெட்டு, வட்டம் உருளுறது, முக்கோணம் சுடுறது என்று சொல்லிக்கொடுத்தான்.

பிச்சையம்மாள் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“இதுல பேசுற பட்டன் எதுப்பா?”

“பேசுறதுக்குப் பட்டன் இல்லைங்க ஆத்தா.”

“அவ வாசல்ல நிக்கிறா. இவன் அவ கிட்ட ஒரு வார்த்தை பேச வேணாமா?”

பிச்சையம்மாள் கன்ட்ரோலரைப் பாயில் வைத்தாள். அவள் குரல் ஏறவே இல்லை. ஏலத்தில் கடைசி விலை சொல்லும்போதும் அவள் குரல் ஏறாதாம்.

“என் வீட்டுக்காரரும் வாரேன்னுட்டுதான் போனாரு. நானும் வாசல்ல நின்னவதான். எனக்கென்ன நகம் மொளைச்சுச்சா, பல்லு நீண்டுச்சா? காத்துக்கிடந்தவள வெட்டுனா மேல நம்பரு பறக்குது. இதுக்குப் பேரு வெளையாட்டாப்பா?”

இலக்கியா தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தாள். பரிமளா சுவரோரம் நகர்ந்தாள். அண்ணி கத்தினால் பக்கத்தில் இருக்கலாம். குரல் இறங்கினால் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது அவள் அனுபவம்.

“தம்பி, வாரேன்னா என்னா?”

அவன் விளக்க ஆரம்பித்தான். குழுவில் பல ஊர்க்காரர்கள், பல பாஷைக்காரர்கள். அதனால் விதிகளையெல்லாம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்கள். அதில் வாரேன் என்பது ‘நான் வருகிறேன்’ என்று ஆனது. வசனம் எழுதுகிறவர் அதைப் படித்துவிட்டு, எவனோ எவனையோ அடிக்கத்தான் வருகிறான் என்று முடிவு செய்து, ‘டா’வைச் சேர்த்துவிட்டார். விடைபெறுகிற இடத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் போறேன் என்று போட்டுவிட்டார்.

“அவுகளுக்குத் தெரியாது, விடு. நீ ஆலங்குடிக்காரன். நீ எங்க போயிருந்த?”

“மீட்டிங்ல சொன்னேங்க்கா. கேக்க கெத்தா இருக்கு, இருக்கட்டும்னாங்க.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் சொல்லலைங்க்கா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இலக்கியா பேசியதை அப்படியே எழுதினால் காகிதம் தீப்பிடிக்கும். ஒரு சொல்லை அதன் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் மொட்டையடித்து அடியாளாக்கி அனுப்பியிருக்கிறீர்கள் என்றாள். விடைபெறுகிற சொல்லை வெட்டப்போகிற சொல்லாக்க உங்களால் எப்படி முடிந்தது என்றாள். அந்தச் சொல்லை நம்பி இந்தத் தெருவில் எத்தனை பெண்கள் காலையில் எழுந்து கோலம் போடுகிறார்கள் தெரியுமா என்றாள். அவள் கை வீச்சில் சுவரிலிருந்த காலண்டர் இரண்டு மாதம் முன்னால் போய்விட்டது.

நடுவில் போன் அடித்தது. தோஹாவிலிருந்து சிவபிரகாஷ். பரிமளா முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தாள் போல. சரி என்று சொல்லிவிட்டுப் போயேன், விளையாட்டுதானே என்று சமாதானம் பேசினான். நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்றாள் இலக்கியா. அவன் அவசர அவசரமாக, ரொம்ப ஜாக்கிரதையாக, “வாரேன், வாரேன்” என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தான்.

இதற்குள் பிரவீன்குமாருக்கும் கோபம் வந்துவிட்டது. ஒல்லியானவனுக்கு வருகிற கோபம், முதலில் காதுதான் சிவந்தது. நாங்கள் ஒன்றும் தூங்கிக்கொண்டு இதைச் செய்யவில்லை என்றான். சுவரில் பாசி ஒட்டுகிற ஒரு பெண் அந்தப் பாசிக்காகவே மழையில் போய் நின்று பார்த்தாள் என்றான். கன்சோல் வாங்குகிறவன் கையில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறான், அவன் கைக்கு வேலை கொடுக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவான் என்றான்.

“உங்க வெளையாட்டுல பயம் காட்டுறது நீங்கக்கா. உங்க கொரலு, ஆத்தா மொகம். டிவிக்குள்ள உங்க மூணு பேரையும் நான் எப்படி வைக்கிறது? நீங்க சரி சொல்லலைன்னா ஒண்ணும் நிக்காது. பேர மாத்துவாங்க. சேலைய வெள்ளையாக்கி, வாசல் பிசாசுன்னு வச்சு இதையே விட்ருவாங்க. அப்பவும் வெட்டத்தான் செய்வாங்க.”

இது நிஜம் என்று இலக்கியாவுக்குத் தெரிந்தது. அவள் சரி சொன்னால் அவள் பெயரில் வெட்டுவார்கள். சொல்லாவிட்டால் வேறு பெயரில் வெட்டுவார்கள். எப்படியும் வாசலில் நிற்பவள் தலை உருளும். அவளுக்குக் கண் கலங்கியது. அதற்காகவும் அவன்மேல்தான் கோபம் வந்தது.

“நீ எங்க வெளையாட்ட ஆடிருக்கியா?”

அவன் கண்ணாடியைத் துடைத்தான். விதிகளை முழுக்கப் படித்திருக்கிறேன் என்றான்.

இலக்கியா எழுந்து டிவியை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். வெயில் ஓட்டை வழியாகக் குச்சி குச்சியாக உள்ளே விழுந்தது. ஒரு ஆட்டம் ஆடிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்றாள். பிச்சையம்மாள் புளியங்கொட்டை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பரிமளா கட்டிலுக்கு அடியில் இடம் காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

முதல் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். வாசலுக்கு வந்தான். இரண்டு சொல்லில் எதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், படித்தவன்தானே. ஏழு வீட்டுக்கும் திரும்பிவர நேரம் இருக்காது, ஆகவே சிலவற்றுக்குப் போறேன் சொல்லிக் கழித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஆனால் இலக்கியா அந்த வீட்டுக்காரியாகவே மாறி, செம்பை வாங்கிக்கொண்டு, “பாத்துப் போப்பா” என்று சொன்னபோது, ஆலங்குடி வாய் தானாகத் திறந்து வாரேன் என்று சொல்லிவிட்டது. கையில் ஒரு கொட்டை விழுந்தது. இரண்டாவது வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். போறேன் என்று சொல்ல உதடு குவிந்தது, வந்தது வாரேன்தான். சின்ன வயதிலிருந்து வாசல்படியில் அம்மா அடித்துப் பழக்கிய வாய். அது எந்தக் கணக்குக்கும் கட்டுப்படவில்லை. ஏழு வீடு, ஏழு கொட்டை. உள்ளங்கை நிறைந்துவிட்டது.

கதையில் ஊரைவிட்டுப் போகிற கடைசி பஸ் ஹாரன் அடித்தது. ஒரு வீட்டுக்குத்தான் திரும்பிப்போக நேரம். விளக்குக் கொடுத்தவளிடம் ஓடினான், கொட்டையைக் கொடுத்தான். பஸ்ஸுக்குத் திரும்பினான். பஸ் படிக்கட்டில் ஒருத்தி நின்றாள்.

“வாரேன்னியே?” என்றாள் இலக்கியா, முன்னாலிருந்து.

டிரைவர் சீட்டுப் பக்கம் திரும்பினான். “வாரேன்னியே?” என்றாள் பரிமளா இடது காதோரம். தான் சொன்ன குரலுக்குத் தானே பயந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் காத்திருந்தான். மின்விசிறி சுற்றியது. வேர்வை அவன் கழுத்தில் ஊர்ந்தது. பிச்சையம்மாள் அவன் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அப்போதுதான் இலக்கியா அதைப் பார்த்தாள். பிரவீன்குமாரின் வலது கட்டைவிரல் காற்றில் அமுக்கிக்கொண்டிருந்தது. கையில் ஒன்றும் இல்லை, புளியங்கொட்டைதான் இருக்கிறது. ஆனாலும் விரல் டக் டக் என்று, இல்லாத சதுரத்தை அமுக்கி, இல்லாத அரிவாளைத் தேடிக்கொண்டிருந்தது. பயந்தவன் கை அது.

அவளுக்குக் கோபம் தணியவில்லை. கோபத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

“வெட்டட்டும்” என்றாள்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அரிவா இருக்கட்டும் தம்பி. மீசையும் இருக்கட்டும். நல்லா வெட்டட்டும். ஒருத்திய வெட்டுனா அடுத்த வாசல்ல ரெண்டு பேரு நிக்கணும். ரெண்டு பேர வெட்டுனா அதுக்கடுத்த வாசல்ல நாலு. நகம் கெடையாது, பல்லு கெடையாது. எவளும் திருப்பி அடிக்க மாட்டா. நம்பரு பறக்கக் கூடாது. வெட்டுப்பட்டு விழுகுறப்ப ஒவ்வொருத்தியும் கேக்கணும், வாரேன்னியேன்னு. வெட்டி வெட்டி அவன் கை ஓயட்டும். அப்ப தேடுவான் பாரு பேசுற பட்டன. அத வையி. அமுக்குனா ரெண்டே வார்த்தை வரணும், வாரேன், போறேன். எதுன்னு அவனே சொல்லட்டும்.”

பிரவீன்குமார் மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, அப்போ ஊரை நிரப்புவது அவனேதான், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக வெட்டுகிறானோ அவ்வளவு கூட்டம் சேரும் என்றான். கண் பெரிதாகியது. முடிகிற காரியம்தான், சுவரும் மரமும் அப்படியே இருக்கலாம், வீட்டுக்காரிகளின் முகத்தைத்தான் புதிதாகச் செய்ய வேண்டும் என்றான். அடுத்த கணமே முகம் தொங்கியது. மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே, ரத்த வேட்டை என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்றே என்றான்.

“அது ஒன் பாடு. மீட்டிங்ல ஒரு தடவ சொன்னேன்னியே, இந்தத் தடவ அவுக காது கிழியுற மட்டும் சொல்லு. எனக்குச் சரின்னு தோணுற வரைக்கும் சரின்னு சொல்ல மாட்டேன். பேர மாத்தி விட்டீகன்னா, ஒவ்வொரு ஊரா வந்து வாசல்ல நின்னு சொல்லுவேன், இது எம் பேயி, களவாண்டுட்டாகன்னு.”

அவள் செய்யக்கூடியவள். கம்பெனி வாசலில் அவள் நின்றால் சென்னைக்கே நிழல் விழும்.

பிரவீன்குமார் கன்சோலைப் பைக்குள் வைத்தான். மாடி வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். ஒரு கால் மாட்டி, மறு கால் மாட்டாமல் நிமிர்ந்தான். மூன்று பெண்களும் வாசலுக்கு உள்ளே வரிசையாக நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஜில்லாவில் பிறந்தவன் எவனும் ஒரு வாசலில் அவ்வளவு நேரம் யோசித்து நின்றதில்லை. கீழே தெருவில் ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு வந்தது, அது தெருமுனை திரும்பி, சத்தம் ஓய்ந்தது. அப்போதும் நின்றான்.

“வாரேங்க்கா” என்றான் கடைசியில்.

பிச்சையம்மாள் டப்பாவைத் திறந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விரலை மடக்கப் போனான். பொறு என்று தடுத்து இன்னொன்றையும் வைத்தாள்.

“இது ஆலங்குடிக்கி. போற வழிதான, எறங்கி நேர்ல குடுத்துட்டுப் போ.”

அவன் இரண்டையும் சட்டைப்பையில் போட்டு, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனான்.

இலக்கியா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, அவன் தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பி மறைந்த பிறகும் நின்றாள். கத்தியதில் கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்திருந்தது. அதை ஒதுக்கிவிடவும் தோன்றவில்லை. கோபம் இன்னும் கழுத்தில் துடித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அதைப் பார்த்த பரிமளா கட்டில் பக்கம் ஒரு எட்டு நகர்ந்தாள்.

“அந்தத் தம்பி வரலைன்னா என்ன பண்ணுவீங்க அண்ணி?”

இலக்கியா திரும்பவில்லை.

“வரலைன்னா நான் போவேன். அவுக ஆபீஸ் வாசல்ல போயி நிப்பேன். ஒரே ஒரு வார்த்தைதான் கேப்பேன்.”

பிச்சையம்மாள் டப்பாவை மூடினாள். இலக்கியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“போறதுக்கு முந்தி நகத்த வெட்டிக்க, தாயி” என்றாள். “பய அரிவாள எடுத்துரப் போறான்.”